கஞ்சாவும் பெண்நலமும்: சித்த மரபும் பினாங்குச் சூழலும் – ஒரு விளக்கம்

முன்னுரை

பினாங்கு ஜார்ஜ்டவுன் நகரின் லெபோ பசார் வட்டாரத்தில் சித்த மருத்துவ மூலிகைப் பெயர்கள் பற்றி அண்மையில் நாம் ஓர் உரை நிகழ்த்தினோம். உரை முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், ஐம்பது அகவையைக் கடந்த ஓர் அம்மையார் தயங்கியபடி அருகில் வந்தார். சித்தர்கள் கஞ்சாவை மருந்தாகக் கொடுத்தது உண்மையா என்பது அவர்தம் முதல் வினா. உண்மையே என்றோம். மாதவிடாய் நின்ற நாள்தொட்டுத் தமக்கு உறக்கமில்லை என்றும், எல்லைக்கு அப்பாலிருந்து உறவினர் ஒருவர் வாங்கி வந்த எண்ணெயை இரவில் சில துளிகள் உட்கொண்டு வருவதாகவும் அவர் கூறினார். இதய வால்வு அறுவைக்குப் பின் வார்ஃபரின் என்னும் குருதி உறைதடுப்பு மாத்திரையையும் அவர் நாள்தோறும் உண்டு வந்தார். அண்மைக் காலமாக ஈறுகளில் குருதி கசிவதாகவும் சொன்னார். மருத்துவரிடம் இதனைத் தெரிவித்தீர்களா என வினவியபோது அவர் தந்த விடை எம் நினைவை விட்டு அகலவில்லை: "டீச்சர், இத டாக்டர்கிட்ட சொன்னா என்னப் பிடிச்சுக் குடுத்திட மாட்டாரா?"

அவ்வம்மையாருக்கு வேண்டியிருந்தது அறவுரையன்று, சரியான தகவல். ஆனால் இப்பொருள் பற்றித் தமிழில் கிடைப்பனவோ இருவகையே. ஒன்று, கஞ்சா முற்றிலும் நஞ்சு என்னும் எச்சரிக்கை; மற்றொன்று, சித்தர் போற்றிய மூலிகையாதலின் தீங்கற்றது என்னும் புகழுரை. இவ்விரண்டுமே அரைகுறையானவை. பெண்கள் உடல்நலத்திற்கெனக் கஞ்சாவைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த இயலுமா என்னும் வினாவை மரபு, வரலாறு, அறிவியல், சட்டம் ஆகிய நான்கு நிலைகளில் ஆராய்ந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பாதுகாப்பு என்பது செடியின் இயல்பன்று. செடியைச் சுற்றி அமைந்த தூய்மை, அளவு, மருத்துவர் கண்காணிப்பு, சட்ட ஏற்பு ஆகியவற்றின் விளைவு என்பதே நாம் இங்கு நிறுவ முனையும் கருத்து.

பெயரும் பொருளும்

'கஞ்சா' என்பது வடமொழி வழி வந்த சொல். மலாய் மொழியிலும் 'கஞ்சா' என்றே வழங்குவது, இச்செடியைப் பற்றிய அறிவு இந்தியத் தொடர்பின் வழியே இவ்வட்டாரத்திற்கு வந்ததைக் காட்டுகின்றது. இலையைக் குறிக்கும் 'பங்கி' என்னும் சொல்லும் வடமொழித் தொடர்புடையதே. சித்த மருத்துவ வழக்கில் சிவமூலி, கோரக்கர்மூலி, ஆனந்தமூலி முதலிய பெயர்களும் இதற்கு உண்டு.

கஞ்சாச் செடியில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. மருந்துக்கும் போதைக்கும் உரிய பிசின் மிகுதியாகச் சுரப்பது பெண்செடியின் பூங்கொத்துகளில். இலையில் அஃது ஒப்பீட்டளவில் குறைவு. எனவே பூங்கொத்தாகிய கஞ்சா, இலையாகிய பங்கி, பிரித்தெடுத்த பிசினாகிய சரஸ் ஆகிய மூன்றும் ஒரே செடியினின்று பெறப்படினும் வன்மையால் வேறுபட்டவை. ஒரு பழம்பாடல் 'மூலி' என்று மட்டும் கூறும்போது இவற்றுள் எதனை, எவ்வளவு குறிக்கின்றது என்பதை அப்பாடலைக் கொண்டு மட்டும் துணிதல் அரிது.

சித்தர் பாடல்களின் பரிபாஷை இவ்விடரை மேலும் பெருக்குகின்றது. ஒரு பொருளுக்குப் பல பெயர். ஒரு பெயருக்குப் பல பொருள். குருவின் வாய்மொழி விளக்கமின்றி உண்மைப் பொருள் புலப்படாதவாறு அமைந்த சொல்லாட்சி. எடுத்துக்காட்டாக, கோரக்கர்மூலி என்பது கஞ்சாவைக் குறிக்க, ஒலியால் அதனை ஒத்த கோரக்கமுண்டி என்பது கொட்டைக்கரந்தை என்னும் முற்றிலும் வேறான செடியைக் குறிக்கின்றது. பதிப்பாசிரியர்க்கு இது பாட வேறுபாட்டுச் சிக்கல். மருந்துண்பவர்க்கோ உயிர்ச் சிக்கல். ஏட்டில் உள்ளது என்பதாலேயே ஒரு மருந்தைத் தாமே செய்து உண்ணலாம் என எண்ணுவது அவ்வேடுகளின் இயல்பையே அறியாமையாகும்.

சித்த மருத்துவ நோக்கு

சித்த மருத்துவக் கல்வியில் பாடநூலாக விளங்கும் முருகேச முதலியாரின் 'குணபாடம்' மூலிகை வகுப்பு போன்ற நூல்கள் மூலிகைகளின் செய்கைகளைத் தனித்தனியே வகுத்துரைக்கும். கஞ்சாவைப் பொறுத்தவரை இசிவகற்றி, துயரடக்கி, உறக்கமுண்டாக்கி, பசித்தீத்தூண்டி என்னும் நற்செய்கைகளோடு வெறியுண்டாக்கி என்னும் செய்கையும் உடன் எண்ணப்படுகின்றது. நன்மையையும் தீமையையும் ஒருசேரப் பதிவு செய்யும் இந்நேர்மை ஈண்டு நோக்கத்தக்கது.

இரண்டாவதாக, நச்சுத்தன்மையுடைய சரக்குகளைச் சித்த மருத்துவம் 'சுத்தி' என்னும் தூய்மை முறைக்கு உட்படுத்திய பின்னரே மருந்தில் சேர்க்கும். மூன்றாவதாக, கஞ்சா பெரும்பாலும் தனித்து வழங்கப்படுவதில்லை. பல சரக்குகளுள் ஒன்றாக லேகியத்திலோ சூரணத்திலோ சிறு அளவில் சேர்க்கப்படும். நான்காவதாக, அனுபானம், பத்தியம், உண்ணும் நாள் வரம்பு ஆகியவை மருந்தோடு சேர்த்தே விதிக்கப்படும். மரபின் ஏற்பு என்பது இவ்வனைத்தும் கூடிய ஏற்பே. இவற்றுள் ஒன்றையும் கைக்கொள்ளாமல் செடியை மட்டும் எடுத்துக்கொண்டு 'நம் முன்னோர் வழி' என உரிமை கொண்டாடுதல் பொருந்தாது.

இந்தியச் சட்டமும் இந்நோக்கைப் பின்பற்றுகின்றது. 1940-ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் சட்டத்தின் கீழமைந்த விதிகளின் இ(1) அட்டவணை, இந்திய மருத்துவ முறைகளில் வழங்கும் நச்சுச் சரக்குகளைப் பட்டியலிடுகின்றது. அதன் சித்த மருத்துவப் பகுதியில் அபினி, எட்டி, சேராங்கொட்டை முதலியவற்றோடு கஞ்சாவும் இடம்பெற்றுள்ளது. இத்தகைய சரக்குகள் சேர்ந்த உண்மருந்தின் உறையில், மருத்துவர் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டும் என்னும் எச்சரிக்கை பொறிக்கப்படல் வேண்டும்.

ஒரு தவறான கருத்தையும் இவ்விடத்துக் களைதல் வேண்டும். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கும் மருந்தும் ஒருவகை லேகியமே. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பூண்டு, பனைவெல்லம், நல்லெண்ணெய் முதலியவை சேர்ந்த அப்பிரசவ மருந்தில் கஞ்சாவுக்கு இடமில்லை. 'லேகியம்' என்னும் பொதுச்சொல் பேச்சுவழக்கில் சில வேளை போதைப்பொருளைச் சுட்டுவதால், இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, பெற்ற தாய்க்கும் கஞ்சா மரபுமருந்தே என்று உரைப்போர் உளர். அஃது ஒரு சொல்லின் இருபொருளால் விளைந்த பிழை.

காலனிய காலம்: ஒரு மருந்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

ஐரோப்பிய மருத்துவ உலகிற்குக் கஞ்சாவை முறையாக அறிமுகப்படுத்தியவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் புரூக் ஓஷானசி ஆவார். முதலில் விலங்குகளிடத்தும், பின்னர் வாதவலி, இசிவு முதலிய நோயுற்றோரிடத்தும் ஆய்ந்து, 1839-இல் தம் முடிவுகளை அவர் வெளியிட்டார். அதன்பின் கஞ்சாச் சாராயக் கரைசல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மருந்துக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. மாதவிடாய் வலி அக்காலத்து அதன் பயன்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. விக்டோரியா அரசியாரின் மருத்துவர்களுள் ஒருவரான ரஸ்ஸல் ரேனால்ட்ஸ், முப்பதாண்டுப் பட்டறிவைத் தொகுத்து 1890-இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையில் கஞ்சா மருந்தைப் பாராட்டினார். அதனைக் கொண்டு, அரசியாரே மாதவிடாய் வலிக்குக் கஞ்சா உண்டார் என்னும் செய்தி பரவியது. அதற்கு நேரடிச் சான்று ஏதும் இல்லை. அரசியார் 1819-இல் பிறந்தவர். 1890-இல் அவருக்கு எழுபது அகவை கடந்திருந்தது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

இம்மருந்து பின்னர் வழக்கொழிந்தமைக்குச் சட்டம் மட்டும் காரணமன்று. ஒரு புட்டியின் வன்மை அடுத்த புட்டியில் இருப்பதில்லை; ஒரே அளவு ஒருவருக்குப் பயன் தராமலும் மற்றொருவருக்கு மயக்கம் தருவதாகவும் அமைந்தது. பிசின் நீரில் கரையாமையால் ஊசி வழியே செலுத்தவும் இயலவில்லை. 1899-இல் ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது. அளவிட்டு உண்ணத்தக்க மாத்திரைகள் பெருகின. 1932-இல் பிரிட்டிஷ் மருந்துத் தொகுப்பிலிருந்தும் 1942-இல் அமெரிக்க மருந்துத் தொகுப்பிலிருந்தும் கஞ்சா நீக்கப்பட்டது. அளவை உறுதிசெய்ய இயலாத மருந்து பாதுகாப்பான மருந்தாகாது என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

மலாயாவின் நிலையும் இங்குக் குறிக்கத்தக்கது. பினாங்கை உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அபினி, சாராயம் ஆகியவற்றைப் போலவே கள்ளும் பங்கியும் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டு அரசுக்கு வருவாய் ஈட்டப்பட்டது. இந்தியத் தொழிலாளரும் படைவீரரும் கைதிகளும் வாழ்ந்த ஊர்களில் பங்கி விற்பனைப் பொருளாக இருந்தது என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் அது வரிக்கணக்கில் இடம்பெற்ற நுகர்பொருளே, மருந்தன்று. 1893–94-இல் இந்தியாவில் பணியாற்றிய இந்தியக் கஞ்சாப்பொருள் ஆணையம் ஆயிரத்திற்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, மிதமான பயன்பாடு பெருந்தீங்கு விளைப்பதில்லை என்றும், மிகையான பயன்பாடு தீங்கு தருவது என்றும் வேறுபடுத்திக் காட்டியது. அவ்வறிக்கை பேசும் நுகர்வோர் பெரும்பாலும் ஆடவரே. பெண்ணுடலைப் பற்றிய தனி அறிவு அவ்வாவணத்தில் தேடினும் மிகுதியாகக் கிட்டாது.

தற்கால அறிவியல் கூறுவன

கஞ்சாவில் மயக்கம் தரும் முதன்மை வேதிப்பொருளாகிய டி.எச்.சி. 1964-இல் இஸ்ரேலிய அறிஞர் ரபேல் மெகூலம், யெகியேல் காவோனி ஆகியோரால் தூய நிலையில் பிரிக்கப்பட்டது. மனித உடலே இதனையொத்த ஒரு பொருளைச் சுரக்கின்றது என்பது 1992-இல் கண்டறியப்பட்டு, 'ஆனந்தம்' என்னும் வடசொல்லின் அடியாக அதற்கு 'ஆனந்தமைட்' எனப் பெயர் சூட்டப்பட்டது. இப்பொருள் சென்று பற்றும் ஏற்பிகள் மூளையில் மட்டுமன்றிக் கருப்பை, சூலகம் ஆகியவற்றிலும் உள்ளன. வலி, உறக்கம், பசி ஆகியவற்றோடு கருப்பதிவிலும் இவ்வமைப்பு பங்குகொள்கின்றது. பெண்ணுறுப்புகளில் இச்செடி வினைபுரியும் என்னும் பழைய பட்டறிவுக்கு இஃது ஓர் அடிப்படையைத் தருகின்றது. வினைபுரியும் என்பது வேறு. நோய் தீர்க்கும் என்பது வேறு.

அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகங்கள் 2017-இல் வெளியிட்ட பேரறிக்கை, முதிர்ந்தோரின் நாட்பட்ட வலி, புற்றுநோய் மருந்தால் எழும் குமட்டல், பன்முகத் தண்டுவட மரப்பு நோயாளர் தாமே உணரும் தசை இறுக்கம் ஆகியவற்றில் போதிய சான்று உண்டு என ஏற்றது. 2018-இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் சி.பி.டி. என்னும் மயக்கம் தராத கூற்றை இருவகைக் கடும் வலிப்பு நோய்களுக்கு மருந்தாக ஏற்றது. மாதவிடாய் வலி, எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும் கருப்பை அகப்படல நோய், மாதவிடாய் நிறைவுக்காலத் தொல்லைகள் ஆகியவற்றிற்கென ஏற்பளிக்கப்பட்ட கஞ்சா மருந்து எதுவும் இல்லை.

அதனால் பெண்கள் கூறும் பயன் பொய் எனக் கொள்ளுதலும் தவறு. 2019-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்குத் தம்மளவில் வலிதணிப்பு முறைகளைக் கையாண்ட பெண்களுள் நூற்றுக்குப் பதின்மூவர் கஞ்சாவைப் பயன்படுத்தியதாகவும், அதனால் பெரிதும் பயன் கண்டதாகவும் கூறினர். இது பெண்களின் தன்மொழி. ஒப்பீட்டுக் குழு வைத்து அளந்த முடிவன்று. எனினும் எதனைச் சுட்டுகின்றது என்பது தெளிவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கருவுறு அகவையினருள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், அதாவது 19 கோடிப் பெண்கள், இந்நோயுற்றவர்கள். 'பெண்ணாய்ப் பிறந்தால் வலி இருக்கத்தானே செய்யும்' என்னும் சொல்லால் இவ்வலி பல்லாண்டு மறைக்கப்படுகின்றது. விடை கிடைக்காத இடத்தில் மக்கள் தாமே விடை தேடுவர்.

பெண்ணுடலும் அளவும்

மருந்தின் அளவைப் பெண்ணுக்கெனத் தனியே ஆராய்தல் மிகப் பிந்தித் தோன்றிய வழக்கம். 1977-இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் கருவுறத்தக்க பெண்களை மருந்தாய்வின் தொடக்கக் கட்டங்களிலிருந்து விலக்கி வைக்குமாறு நெறி வகுத்தது. 1993-இல்தான் அந்நெறி மாற்றப்பட்டது. சோல்பிடெம் என்னும் உறக்க மாத்திரை பெண்ணுடலில் மெதுவாகவே வெளியேறுகின்றது என்பதால் பெண்களுக்குரிய அளவை 2013-இல் பாதியாகக் குறைக்க நேர்ந்தது. அம்மருந்து விற்பனைக்கு வந்து இருபதாண்டுகள் கழிந்த பின்னரே இம்மாற்றம் நிகழ்ந்தது. முறையாக ஆராயப்பட்ட மாத்திரைக்கே இந்நிலை எனில், அளவே அறியப்படாத எண்ணெய்த் துளியைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

பெண்கள் அறிந்திருக்க வேண்டிய இடர்கள் ஐந்து.

முதலாவது, கருவும் தாய்ப்பாலும். டி.எச்.சி. நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைச் சென்றடையும். கருவுற்றோர் கஞ்சா புகைத்தல் குழந்தையின் குறைந்த பிறப்பெடையோடு தொடர்புடையது என மேற்கூறிய 2017 அறிக்கை குறிப்பிடுகின்றது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், 54 தாய்ப்பால் மாதிரிகளுள் 34-இல் டி.எச்.சி. காணப்பட்டது, இறுதியாகப் பயன்படுத்தி ஏறத்தாழ ஆறு நாள் வரையிலும் அது பாலில் தென்பட்டது. காலைக் குமட்டலுக்காகவோ பிரசவ உடல்வலிக்காகவோ இதனைப் பயன்படுத்துதல் அறவே தவிர்க்கத்தக்கது.

இரண்டாவது, பிற மருந்துகளோடு மோதுதல். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைச் சி.பி.டி. தடுக்கும். அதனால் வார்ஃபரின், சில வலிப்பு மருந்துகள் ஆகியவை குருதியில் மிகுந்து தீங்கு விளைக்கலாம். முன்னுரையில் குறித்த அம்மையாரின் ஈற்றுக் கசிவுக்கு எண்ணெய்தான் காரணம் என நாம் முடிவு கூற இயலாது. அதனை ஆராய்ந்து முடிவு செய்ய வல்ல மருத்துவருக்கு அச்செய்தி மறைக்கப்பட்டது என்பதே இடரின் மையம்.

மூன்றாவது, உண்ணும் முறை. புகைத்தால் சில நிமிடங்களில் தோன்றும் விளைவு, உண்டால் அரைமணி முதல் இரண்டு மணி நேரம் கழித்தே தோன்றும். கல்லீரலில் டி.எச்.சி. மேலும் வன்மையான பொருளாக மாறிப் பல மணி நேரம் நிலைக்கும். விளைவு தோன்றவில்லையே என மீண்டும் உண்பதால்தான் கடும் மயக்கம், படபடப்பு, பேரச்சம் ஆகியவை பெரும்பாலும் நேர்கின்றன. இதயத் துடிப்பை இது விரைவுபடுத்துவதால் இதய நோயுற்றோர்க்கு இடர் மிகுதி.

நான்காவது, பொருளின் நம்பகமின்மை. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருள்களை ஆராய்ந்தது. அவற்றுள் 26 மட்டுமே உறையிற் குறித்த அளவுக்கு ஒத்திருந்தன, 18-இல் டி.எச்.சி. கலந்திருந்தது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவின் டி.எச்.சி. அளவு 1995-இல் ஏறத்தாழ 4 விழுக்காடாக இருந்து 2014-இல் 12 விழுக்காடாக உயர்ந்தது. பழைய நூல் கூறும் கஞ்சாவும் இன்று கிடைக்கும் கஞ்சாவும் பெயரால் ஒன்றாயினும் வன்மையால் ஒன்றல்ல.

ஐந்தாவது, பழக்க அடிமைமை. பயன்படுத்துவோருள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதனை விட இயலாத நிலைக்கு ஆளாகின்றனர். குடும்பத்தில் மனநோய் வரலாறு உடையோர்க்கும் இளம் அகவையினர்க்கும் மனச்சிதைவு இடர் கூடுதல்.

மலேசியச் சட்டமும் எல்லைப்புற நடைமுறையும்

மருத்துவ இடர் ஒருபுறமிருக்க, பினாங்கில் வாழும் பெண்ணுக்குச் சட்ட இடர் மற்றொன்று. 1952-ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டம், பிசின் காணப்படும் கஞ்சாச் செடியின் எந்தப் பகுதியையும், பிசின் எவ்வளவு குறைவாயினும், கஞ்சா என்றே வரையறுக்கின்றது. 1985-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமோ பூங்கொத்து சேராத இலையையும் விதையையும் அவ்வரையறையினின்று விலக்கி வைத்துள்ளது. வட இந்தியாவில் சில இடங்களில் உரிமம் பெற்ற கடையில் கிடைக்கும் பங்கி, மலேசியாவில் குற்றப்பொருள் என்பதை இந்தியப் பயணம் மேற்கொள்வோர் மறத்தலாகாது.

இச்சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, தாமே உட்கொண்டவர்க்கு ஐயாயிரம் ரிங்கிட் வரை தண்டமோ இரண்டாண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம். 200 கிராம் அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர் கடத்தல்காரர் என ஊகிக்கப்படுவார். கடத்தலுக்குரிய கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் நீக்கப்பட்டு, மரணம் அல்லது ஆயுள் சிறை எனத் தெரிவு செய்யும் உரிமை நீதிபதிக்கு வழங்கப்பட்டுள்ளது. 2018-இல் நோயாளிகளுக்குக் கஞ்சா எண்ணெய் வழங்கிய ஓர் இளைஞருக்கு ஷா ஆலம் உயர்நீதிமன்றம் மரண தண்டனை விதித்ததும், அதனால் நாடளாவிய விவாதம் எழுந்ததும், மேல்முறையீட்டில் அத்தண்டனை நீங்கியதும் அறிந்தனவே. நோய் தீர்க்கும் நோக்கம் இச்சட்டத்தின் முன் தானாகவே காப்பாகாது என்பதை அவ்வழக்கு உணர்த்தியது.

வடக்கே தாய்லாந்து 2019-இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வழிவிட்டு, 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலினின்று நீக்கியது. ஹாட்யாய் நகருக்குச் செல்லும் பினாங்கு மக்கள் கடைவீதிகளில் இதனைக் கண்டனர். எனினும், 0.2 விழுக்காட்டுக்கு மேல் டி.எச்.சி. உள்ள வடிசாறுகள் அங்கும் போதைப்பொருளாகவே நீடித்தன. 2025 ஜூனில் பூங்கொத்தை வாங்க மருத்துவச் சீட்டு வேண்டும் என அந்நாடு மீண்டும் வரையறுத்தது. டி.எச்.சி. சிதைபொருள்கள் சிறுநீரில் பல நாள்களும், நெடுநாள் பயன்படுத்தியோரிடம் வாரக்கணக்கிலும் தங்கும். ஆதலின் அங்கு உண்டது அங்கேயே முடிந்தது என எண்ணுதல் பிழை. புட்டியைக் கைப்பையில் வைத்து எல்லை கடத்தல் அதனினும் கொடிய இடர்.

சட்டத்திற்கு உட்பட்ட வழி முற்றிலும் அடைபட்டதன்று. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலினின்று நீக்கியது. தகுந்த அறிவியற் சான்றுடன் பதிவு செய்யப்படும் கஞ்சா மருந்தை உரிம விதிகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம் என 2021 நவம்பரில் அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் விளக்கினார். அவ்வழி பதிவு பெற்ற மருந்துக்கும் மருத்துவர் சீட்டுக்குமே உரியது; தாமே வாங்கி உண்பதற்கு உரியதன்று.

நாட்டுமருந்து வாங்குவோரும் ஒன்றை அறிதல் நலம். மலேசியாவில் விற்கப்படும் மரபுமருந்துப் பொருள்கள் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவு பெற்று, 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கி 'டி' என முடியும் எண்ணைத் தாங்கியிருத்தல் வேண்டும். இந்தியாவினின்று கொணரும் லேகியத்தில் அவ்வெண் இராது. உட்பொருள் எழுதப்படாத லேகியத்தை வாங்காதிருத்தலே அறிவுடைமை. 2016-ஆம் ஆண்டின் மரபு, துணைநிலை மருத்துவச் சட்டம் இந்திய மரபு மருத்துவத்தையும் ஏற்றுள்ளதால், அதன்கீழ்ப் பதிவு பெற்ற மருத்துவரையே நாடலாம்.

மௌனம் என்னும் இடர்

மேற்கூறிய அனைத்தையும் தொகுத்து நோக்கின், கஞ்சாவினும் கொடியதாக நிற்பது மௌனமே. நோயாளி கூறுவனவற்றை இரகசியமாகக் காத்தல் மருத்துவரின் தொழில்நெறிக் கடமை. சட்டம் கட்டளையிடும் சில சூழல்கள் தவிர, சிகிச்சைக்கெனச் சொன்ன செய்தியைப் பிறர்க்கு அளித்தல் அந்நெறிக்கு மாறானது. எண்ணெயின் பெயரைக் கூறத் தயங்குவோர்கூட, 'வேறு மருந்து ஒன்றை உட்கொள்கிறேன். வார்ஃபரினோடு அது மோதுமா?' என்றேனும் வினவலாம். அளவு மிகுந்து மயங்கியோரை மறைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தேசிய நச்சு மையம் இத்தகைய வேளைகளில் மருத்துவர்க்கும் பொதுமக்களுக்கும் அறிவுரை வழங்குகின்றது.

குடும்பத்தினர்க்கும் இதில் கடமை உண்டு. மாதந்தோறும் பள்ளிக்கோ பணிக்கோ செல்ல இயலாதவாறு வலிக்குமாயின் அஃது இயல்பன்று. மகப்பேற்று மருத்துவரைக் காணல் வேண்டும். வலியடக்கி மாத்திரைகள், இயக்குநீர் மருத்துவம், ஒத்தடம், தேவைப்படின் அறுவை என ஆராயப்பட்ட வழிகள் உள்ளன. நிறைவுக்கால உறக்கமின்மைக்கும் இயக்குநீர் மருத்துவமும் உறக்கத்திற்கான நடத்தைப் பயிற்சியும் உண்டு. இவ்வழிகள் எட்டாமையாலோ நாணத்தாலோதான் பெண்கள் புட்டியை நாடுகின்றனர்.

முடிவுரை

சித்த மரபு கஞ்சாவை மருந்தாக அறிந்திருந்தது. அதனோடு நஞ்சாகவும் அறிந்திருந்தது. சுத்தி, அளவு, கூட்டுச்சரக்கு, பத்தியம், மருத்துவர் ஆகியவற்றால் அதற்கு வேலியிட்டது. அவ்வேலியை உறுதிசெய்ய இயலாமையே பத்தொன்பதாம் நூற்றாண்டு மேலை மருத்துவத்தில் அது வீழ்ந்தமைக்கு ஒரு காரணம். தற்கால அறிவியல் சில நோய்களில் அதன் பயனை ஏற்பினும், பெண்களுக்கே உரிய நோய்களில் முடிவான சான்றை இன்னும் தரவில்லை. மலேசியச் சட்டமோ தாமே பயன்படுத்தலுக்கு இடமளிக்கவில்லை. ஆதலின் பினாங்கில் இன்று வாழும் ஒரு பெண், பதிவு பெறாத கஞ்சாப் பொருளைத் தாமே பாதுகாப்பாக உட்கொள்ள வழியில்லை என்பதே நாம் காணும் முடிவு.

இம்முடிவு பெண்ணின் வலிக்கு விடையாகாது என்பதையும் நாம் உணர்கிறோம். பெண்களின் நாட்பட்ட வலி பற்றிய மருத்துவ ஆய்வும், சித்த நூல்களின் நச்சுச்சரக்குப் பகுதிகளைப் பரிபாஷை நீக்கித் தெளிவுறப் பதிப்பிக்கும் தமிழாய்வும் ஒருங்கே நடைபெறல் வேண்டும். இப்பின்னது நம் துறையினர் மேற்கொள்ளத்தக்க பணி. தயங்கி நின்று வினவிய அவ்வம்மையார் அவ்வாரமே மருத்துவரைக் கண்டு அனைத்தையும் கூறினார். எண்ணெயை நிறுத்திக் குருதியை ஆராயுமாறு மருத்துவர் பணித்தார். யாரும் அவரைப் பிடித்துக் கொடுக்கவில்லை. அச்செய்தியை அவரே நமக்குத் தெரிவித்து, தம்மைப் போன்ற பிறர்க்கும் இதனை எழுதுமாறு வேண்டினார். இக்கட்டுரை அவ்வேண்டுகோளின் விளைவாகும்.